பிரெஞ்சு சினிமாவும் சூழலியல் சினிமாவும்: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: பிரெஞ்சுப் படங்கள் ஓரளவு பார்த்திருக்கிறேன். கோட்பாட்டுப் பக்கம் போனதே இல்லை. முதலில் எதைப் படிக்கலாம்?

பிரெஞ்சுத் திரைவிமர்சகர் ஆந்த்ரே பஸானின் 'சினிமா என்றால் என்ன?' தொகுப்பைப் படியுங்கள். பிரெஞ்சில் 1958 முதல் 1962 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. ஹியூ கிரே தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்த இரண்டு தொகுதிகள் போதும். தலைப்பைப் பார்த்து மிரள வேண்டாம், பெரும்பாலும் பத்திரிகைகளுக்காக எழுதிய கட்டுரைகள்தான். புகைப்படத்தைப் பற்றி 1945-ல் எழுதியதை முதலில் படியுங்கள். ஓவியத்தில் ஓவியரின் கை நடுவே நிற்கிறது, புகைப்படத்திலோ ஒளி தானாகவே வந்து பதிகிறது, அதனால்தான் அதை நம்புகிறோம் என்கிறார். அவருடைய மற்ற எழுத்துகளுக்கெல்லாம் இதுதான் அடித்தளம்.

கேள்வி: பஸான் 1958-லேயே இறந்துவிட்டார். சூழலியல் சினிமாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வருபவருக்கு அவர் எதற்கு?

அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். எந்த இடத்தில் படத்தொகுப்பு கூடாது என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்காவில் எடுத்த ஓர் ஆங்கிலப் படத்தை அதில் உதாரணம் காட்டுகிறார். ஒரு சிறுவன் சிங்கக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். தாய்ச்சிங்கம் பின்னாலேயே வருகிறது. முதலில் சிறுவனையும் சிங்கத்தையும் மாற்றி மாற்றித் தனித்தனி ஷாட்களாகக் காட்டுகிறார்கள். அது வெறும் உத்தி, யாரும் பயப்பட மாட்டார்கள். பிறகு பெற்றோர், சிறுவன், சிங்கம் எல்லோரும் திடீரென்று ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகிறார்கள். பஸானைப் பொறுத்தவரை படம் உண்மையாகும் இடம் அதுதான். பனிப்பிரதேச மக்களைப் பற்றிய பழைய ஆவணப்படமான 'நானூக்'கின் சீல் வேட்டையைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்: வேட்டைக்காரன், பனியில் உள்ள துளை, சீல் மூன்றையும் ஒரே ஷாட்டில் பார்க்க வேண்டும்.

சூழலியல் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் எழுதியது இது. மனிதனும் விலங்கும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருப்பதைக் கேமரா மதிக்கிறதா, அல்லது வெட்டி ஒட்டிப் பாசாங்கு செய்கிறதா? இந்தக் கேள்வியோடு இன்றைய காட்டுயிர் ஆவணப்படம் எதையாவது பாருங்கள். நாம் வியந்த துரத்தல் காட்சிகளில் எத்தனை வெவ்வேறு நாட்களில் எடுத்த துண்டுகளாக இருக்கும் என்ற சந்தேகம் வந்துவிடும். அந்தச் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

கேள்வி: கடலாய்வாளர் கூஸ்தோவின் 'மௌன உலகம்' படத்தில் பவளப்பாறையில் டைனமைட் வைக்கிறார்கள். அதை எப்படிச் சூழலியல் சினிமாவில் சேர்க்க முடியும்?

உங்கள் கோபம் நியாயமானது. கூஸ்தோவும் லூயி மாலும் சேர்ந்து இயக்கிய அந்தப் படத்துக்கு 1956-ல் கான் விழாவின் தங்கப்பனை கிடைத்தது. அந்தப் பவளப்பாறையில் என்னென்ன மீன்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்கத்தான் அந்த வெடி. கப்பலின் விசிறியில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களை மேலே இழுத்துப்போட்டு வெட்டும் காட்சியும் உண்டு. அதே கூஸ்தோ பின்னாளில் கடல் பாதுகாப்புக்காக உலகம் முழுக்கக் குரல் கொடுத்தார். கடலை நேசித்தவர்களே அன்று அதை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அந்தப் படமே சாட்சி. அதனால்தான் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது என்கிறேன்.

அதைப் பார்த்ததும் ழான் பென்லெவே பக்கம் வந்துவிடுங்கள். உயிரியல் படித்தவர். 1934-ல் வந்த அவருடைய கடற்குதிரைப் படத்தில் ஆண்தான் குட்டிகளை ஈனுகிறது. தந்தை, தாய் என்று நாம் வகுத்து வைத்திருப்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் அந்தக் காட்சி அசைத்துவிடுகிறது. அவரைப் பற்றி 2000-ல் எம்ஐடி பதிப்பகம் வெளியிட்ட 'சயன்ஸ் இஸ் ஃபிக்‌ஷன்' என்ற தொகுப்பில் அவருடைய கட்டுரைகளும் ஏராளமான படங்களும் உள்ளன. என் அலமாரியிலிருந்து யாருக்கும் இரவல் தராத புத்தகம் அது.

கேள்வி: டெல்யூஸ் படித்தே ஆக வேண்டுமா?

இப்போது வேண்டாம். சினிமாவைப் பற்றி அந்தத் தத்துவவாதி எழுதி 1983, 1985-ல் வந்த இரண்டு தொகுதிகளுக்கும் பெர்க்சனின் தத்துவம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். பஸானை முடித்துவிட்டு இரண்டாம் தொகுதியின் முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். இத்தாலிய நியோரியலிசத்தைப் பற்றி, அதாவது போருக்குப் பிந்தைய யதார்த்தப் படங்களைப் பற்றி, பஸான் சொன்ன இடத்திலிருந்தே அவரும் தொடங்குவதால் வழி தெரியும்.

கேள்வி: பிரெஞ்சு சினிமா வரலாறு முழுவதும் ஒரே புத்தகத்தில்?

ஆலன் வில்லியம்ஸின் 'ரிபப்ளிக் ஆஃப் இமேஜஸ்', 1992. 1950களின் இறுதியில் இளம் இயக்குநர்கள் தொடங்கிய புதிய அலை மட்டும் போதும் என்றால் ரிச்சர்ட் நியூபர்ட் எழுதியதை எடுங்கள்.

கேள்வி: படம் எடுப்பதே சூழலைக் கெடுக்கிறதே, அதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?

நாதியா போஸாக்கின் 'தி சினிமாட்டிக் ஃபுட்பிரின்ட்', 2011. திரையில் இயற்கை எப்படித் தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, படம் எதைத் தின்று உருவாகிறது என்று கேட்கும் புத்தகம். பிலிம் சுருளையே எடுத்துக்கொள்ளுங்கள்: தாவரச் செல்லுலோஸ், மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின், வெள்ளி. ஹாலிவுட் பக்கத்தை ஹன்டர் வான் 2019-ல் எழுதினார். பிரான்ஸில் இது நடைமுறைக்கே வந்துவிட்டது. 2009-ல் எகோப்ரோத் என்ற கூட்டமைப்பு தொடங்கி, படப்பிடிப்பின் கார்பன் அளவைக் கணக்கிடும் கருவியைத் தந்தது. அரசின் திரைப்பட அமைப்பான சிஎன்சியும் நிதி கேட்பவர்களிடம் கார்பன் கணக்கைக் கேட்கிறது.

இதோடு இயக்குநர் அக்னெஸ் வர்தாவின் 2000-ஆம் ஆண்டு ஆவணப்படமான 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ'யையும் பாருங்கள். அளவு சரியில்லை என்று டன் கணக்கில் கொட்டிய உருளைக்கிழங்கைப் பொறுக்குபவர்களை, கையடக்க டிஜிட்டல் கேமராவில் அவரே பின்தொடர்கிறார். அறுவடைக்குப் பிறகு வயலில் பொறுக்கச் சட்டத்தில் இடமுண்டு என்று ஒரு வழக்கறிஞர் அங்கியோடு வயலிலேயே நின்று விளக்குவார்!

கேள்வி: தமிழில் இப்படி எழுதுபவர்கள் உண்டா?

தியடோர் பாஸ்கரன். சினிமா, காட்டுயிர் இரண்டையும் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருபவர். 'எம் தமிழர் செய்த படம்', 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் விவசாயிகளைப் பற்றிக் குறும்படம் எடுக்கப்போகிறேன். எதைப் படித்துவிட்டு இறங்கலாம்?

பிரெஞ்சு இயக்குநர் ப்ரெஸ்ஸோன் படமெடுப்பதைப் பற்றி 1975-ல் வெளியிட்ட குறிப்புப் புத்தகம். சின்னச் சின்ன வாக்கியங்கள், பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதைவிட அவசரமாக ழார்ழ் ரூக்கியேயின் இரண்டு படங்களைப் பார்க்க வேண்டும். 1946-ல் வந்த 'ஃபார்ரபிக்', தெற்கு பிரான்ஸில் தன் உறவினர்களின் பண்ணையில் ஓராண்டுப் பருவங்களோடு தங்கி எடுத்தது. அதே மனிதர்களிடம் திரும்பிப்போய் எடுத்த 'பிக்ஃபார்' 1983-ல் வந்தது. முதல் படத்தில் மின்சாரம் வருமா என்று பேசிக்கொண்டிருந்த வீடு. இரண்டாவதில் இயந்திரங்கள், பூச்சிமருந்து, பண்ணை நிலத்தின் விற்பனை. இரண்டையும் பார்த்து முடித்ததும் உங்கள் ஊரில் எந்தெந்த வேலைகளைக் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள், அப்புறம் கேமராவைப் பற்றி யோசிக்கலாம்.