குசினி இருட்டுக்கு எத்தனை நிறம்?

கேள்வி: மாஸ்டர், அம்மம்மாவின் குசினியை லாம்பு வெளிச்சத்தில் அக்ரிலிக்கில் வரைகிறேன். சுவருக்குக் கறுப்புப் பூசினால் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் காவி, சிவப்பு என நாலு ரியூப்தான் கையில். நீலமும் மண்ணிறமும் வாங்க வேணுமா?
(வாசகி, வட்டக்கச்சி)

பதில்: வேண்டாம் தங்கச்சி, காசை வைத்திருங்கள். சுவீடன் ஓவியர் அண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் நிறக்கூட்டே இந்த நாலும்தான். கறுப்பில் வெள்ளை சேர்த்த சாம்பலைக் காவிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீலமாகத் தெரியும். யன்னலுக்கு வெளியே இரவு வானம் அதுதான். கறுப்போடு காவி சேர்ந்தால் மங்கல் பச்சை, மூலையில் தொங்கும் வாழைக்குலைக்கு ஆகும். கறுப்போடு சிவப்பும் துளி காவியும் சேர்த்தால் மண்ணிறம், புகை குடித்த கிடுகுக் கூரை.

கறுப்பைத் தனியே சுவரில் பூசியதுதான் பிழை. முதலில் தாள் முழுக்க, சிவப்பும் காவியும் கொஞ்சம் கறுப்பும் கலந்த தண்ணீர்ப் பூச்சு ஒன்று போடுங்கள். அப்புறம் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அம்மம்மாவின் நிழல் பக்கத் தோளும் சுவரும் ஒன்றாகிவிடும். அங்கே கோடு போட்டுப் பிரிக்க வேண்டாம். முழுக் கறுப்பை அடுப்பு வாய்க்குள் மட்டும் வையுங்கள். சுடருக்கு வெறும் வெள்ளை வைத்தால் சுண்ணாம்புப் பொட்டுப்போல் கிடக்கும். காவி கலந்த வெள்ளை ஒரு துளி போதும். அலுமினியப் பானையின் விளிம்பில் அதைவிட ஒரு படி மங்கலாய் மெல்லிய கீற்று. அவ்வளவுதான் வெளிச்சம்.

அக்ரிலிக் காய்ந்தால் கறுக்கும். ஆகவே வேண்டியதைவிடச் சற்று வெளிறலாகக் கலந்து, துண்டுத் தாளில் காயவிட்டுப் பார்த்த பிறகே பூசுங்கள்.

இன்னொன்று, நான் பட்டது. 1997இல் மல்லாவியில் இடம்பெயர்ந்திருந்தோம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்குத்தான். அந்த வெளிச்சத்திலேயே மாமியை இரவிரவாக வரைந்தேன். விடியப் பார்த்தால் அவவின் வெள்ளைச் சேலை முழுக்க மஞ்சள்! விளக்கடியில் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் பிடிபடாது. மாமி, "எனக்கென்ன மஞ்சள் காமாலையா?" என்று கேட்டா.

ஆகவே இரவில் பென்சிலால் இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பகலில், வாசற்படியில் இருந்து பூசுங்கள். முடிந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், சரியா? அதையும் பகலில் எடுங்கோ.