வாக்குத்தத்த அட்டையும் மெல்கிசேதேக்கும்: கேள்வி பதில்

கடவுள் தரும் வாக்கு, குருத்துவம் (ஆசாரியப் பணி) இரண்டையும் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். கைக்கு வந்தபடியே பதில் எழுதுகிறேன். நான் பிறந்தது வட்டுக்கோட்டையில் தென்னிந்தியத் திருச்சபை (புரொட்டஸ்தாந்து) வீட்டில், கலியாணம் கட்டியது கத்தோலிக்க வீட்டில். அதனால் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிப் பழகியவன்.

வருசப்பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த (வேத வசனம் அச்சடித்த) அட்டையில் எரேமியா 29:11 வந்தது, நல்ல எதிர்காலம் தருவேன் என்று. மகனின் கனடா விசாவை மூன்றாம் தரமும் மறுத்துவிட்டார்கள். கடவுள் சொன்ன சொல் மாறுவாரா? (சுன்னாகம்)

அக்கா, அந்த வசனத்துக்கு ஒரு வரி மேலே பாருங்கள். பாபிலோனில் எழுபது வருடம் கழியட்டும், அதற்குப் பிறகுதான் திரும்பக் கூட்டிவருவேன் என்று இருக்கிறது. அது நாடு கடத்தப்பட்ட சனத்துக்குப் போன கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. அதைக் கேட்ட கிழடுகட்டைகள் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்கமாட்டார்கள், ஆனால் வாக்குப் பொய்க்கவில்லை, அது அந்தச் சனத்துக்கு முழுதாகக் கொடுத்த வாக்கு. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சடித்தால் அந்த அட்டையை ஒருவரும் எடுக்கமாட்டார்கள், அது வேறு கதை. தம்பியின் விசாவுக்காக மன்றாடுங்கள், நானும் மன்றாடுகிறேன். அட்டையை மட்டும் விசா முத்திரை ஆக்காதீர்கள்.

கடவுளே ஏன் சத்தியம் பண்ணவேண்டும்? சொன்னால் போதாதா? (நல்லூர்)

நாங்கள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது எங்களுக்கு மேலே ஒருவர் சாட்சி என்றுதானே. அவருக்கு மேலே யாரும் இல்லாததால் தன் பேரிலேயே ஆணையிட்டார் என்கிறது எபிரெயர் 6. ஆதியாகமம் 15ஐ ஆறுதலாக வாசியுங்கள். அந்தக் காலத்து உடன்படிக்கையில் மிருகத்தை இரண்டாகப் பிளந்து நடுவால் நடப்பார்கள், சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி என்று. ஆபிராம் (பிறகு ஆபிரகாம்) கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் பிளந்து வைத்து, இறங்கிய பறவைகளைத் துரத்திக்கொண்டிருந்து, பொழுது சாய அயர்ந்து தூங்கிப்போனார். நடுவால் போனது, கடவுளுக்கு அடையாளமாக, புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும் மட்டும். ஆபிராமை நடக்கச் சொல்லவே இல்லை. முழுப் பொறுப்பையும் வாக்குத் தந்தவரே தலையில் போட்டுக்கொண்டார்.

மெல்கிசேதேக்கு ஆர்? (கொடிகாமம்)

சாலேமின் ராசா, ஆசாரியன். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆபிராமை ஆசீர்வதித்தார், ஆபிராம் தசமபாகம் கொடுத்தார், அவ்வளவுதான் கதை. பிறகு சங்கீதம் 110இல், அவருடைய முறைமைப்படி நீர் என்றென்றைக்கும் ஆசாரியர் என்று கர்த்தர் ஆணையிட்டார் என வருகிறது. ஆசாரியர் வருவது லேவி வம்சத்தில், இயேசுவோ யூதா கோத்திரம், அப்படியென்றால் எப்படி ஆசாரியர்? பரம்பரையால் வந்த பதவி இல்லை, ஆணையால் வந்தது என்பதே எபிரெயர் 7இன் பதில். வாக்கும் குருத்துவமும் ஒரே சத்தியத்தில் தொங்குகின்றன என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாரும் ஆசாரியர் என்று 1 பேதுரு 2:9 சொல்கிறதே, பிறகு சுவாமியார் எதற்கு? (இளவாலை)

என் மனைவியும் நானும் சண்டை பிடிக்கிற இடம் இது. புரொட்டஸ்தாந்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1520இல் இந்த வசனத்தைத் தூக்கிப் பிடித்தார். 1964இல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் விசுவாசிகள் எல்லாருக்கும் உரிய பொதுக் குருத்துவத்தை ஏற்றது, ஆனால் சுவாமியாரின் பணிக் குருத்துவம் அளவில் மட்டுமல்ல, தன்மையிலேயே வேறு என்றது. இரண்டும் கிறிஸ்துவின் ஒரே குருத்துவத்தில் பங்கு என்பதும் அதே ஏட்டில் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு இங்கே வேதக்காரருக்கு (கத்தோலிக்கருக்கு) பூசை வைக்க ஆளில்லை. 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் கோவாக் குருவான யோசேப் வாஸ் அடிகள் வந்தபோது அவருக்குச் சில்லாலையில் இடம் கொடுக்கச் சனம் இருந்தது. சுவாமியார் இல்லாமல் நம்பிக்கை நின்றது, சுவாமியார் வந்ததும் சந்தோசப்பட்டது. இரண்டு கட்சிக்காரருக்கும் இதைத்தான் காட்டுகிறேன்.

எபிரெயர் 6இல் நம்பிக்கை என்ற நங்கூரம் திரைக்குள்ளே போகிறது என்கிறார்களே, நங்கூரம் கீழேயல்லவா போகும்? (பாசையூர்)

அருமை! ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்துத் திரை அது. அதற்குள் ஆசாரியராக இயேசு முந்திப் போய்விட்டார், எங்கள் கயிறு அவரிடம் கட்டப்பட்டிருக்கிறது என்கிறார். நங்கூரம் பிடித்த இடம் படகில் இருக்கிறவனுக்குத் தெரியாது, கயிற்றின் இறுக்கம்தான் தெரியும். நான் தோட்டக்காரன், கடல் தெரியாது. சேற்றில் பிடித்ததா, கல்லில் சிக்கியதா என்று கயிற்றை வைத்தே சொல்வீர்களாமே, அது எப்படி என்று எழுதுங்கள் தம்பி.