‘காலையில் போய் ராத்திரி திரும்பிவிடுங்கள்’: வெளியூர்ப் பயிற்சி பற்றிய கேள்வி பதில்

தனியார் நிறுவனங்களில் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இப்போது தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்லிவருகிறேன். பயிற்சிக்காக வெளியூருக்கு அனுப்பப்படுபவர்கள் கேட்ட கேள்விகளில் சில இங்கே.

கோவையில் நிதி நிறுவனக் கிளை ஒன்றில் காசாளராக இருக்கிறேன். சென்னையில் காலை 10 முதல் மாலை 5 வரை பயிற்சி. அறை கிடையாது. முந்தைய இரவு பஸ் ஏறி, அன்றிரவே திரும்பி, மறுநாள் 9.30க்குக் கிளையில் இருக்க வேண்டுமாம். மறுக்கலாமா?

உங்கள் நிறுவனம் இதை ஒரு நாள் பயிற்சி என்று கணக்கு வைக்கிறது. உங்களுக்கோ இரண்டு இரவுத் தூக்கம் போகிறது. தூக்கம் கெட்டவரை மறுநாள் காலையில் பணம் எண்ண உட்கார வைப்பது நிறுவனத்துக்கே ஆபத்து. வந்தே பாரத்தில் போகலாமே என்பார்கள். அது காலை 6 மணிக்குக் கிளம்பி ஏறக்குறைய 6 மணி நேரம் ஓடுகிறது. 10 மணி வகுப்புக்கு எட்டாது.

சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது. இடைவேளையையும் சேர்த்து, வேலை தொடங்கியதிலிருந்து முடிவது வரை 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். கட்டாயப் பயிற்சி வேலை நேரம்தான். பயணம் வேலை நேரமா என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நிறுவனங்கள் பிடித்துக்கொள்வது இந்த ஓட்டையைத்தான்.

அதனால் ‘வர மாட்டேன்’ என்று எழுதாதீர்கள். அது ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவிடும். ‘பயிற்சிக்கு வருகிறேன். ஓர் இரவு தங்க அறையோ, மறுநாள் சம்பளத்தோடு விடுப்போ தர வேண்டுகிறேன்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். கிளம்பும் நேரம், வீடு திரும்பும் நேரம் இரண்டையும் அதிலேயே எழுதுங்கள். அப்புறம் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.

பயணம் செய்கிறவர்களுக்குக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே பொருந்தாது என்கிறார் எங்கள் மேலாளர். உண்மையா?

பாதி உண்மை. வேலையே பயணமாக இருப்பவர்களுக்கும், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் 4-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் எப்போதாவது ஒருமுறை பயிற்சிக்குப் போனால் அவர் வேலையே பயணம் என்று ஆகிவிடாது என்பது என் உறுதியான கருத்து. பணி நியமனக் கடிதத்தில் உங்கள் வேலை என்னவென்று எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்.

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு சொந்த பைக்கில் வரச் சொல்கிறார்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?

முதலில், போகாதீர்கள். அவ்வளவு தூரம் பைக்கில் போய், நாள் முழுக்க வகுப்பில் இருந்துவிட்டு, இருட்டில் நெடுஞ்சாலையில் திரும்புவது உயிரோடு விளையாடுவது. ரயில் அல்லது பஸ் கட்டணம் கேளுங்கள்.

இழப்பீடு பற்றி: வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தையும் வேலை சார்ந்த விபத்தாகக் கருத வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் திருத்தம் வந்தது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு உண்டு. ஆனால் பயணத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். ‘இந்தத் தேதியில் இந்த இடத்துக்கு வா’ என்ற வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். வாய்மொழி உத்தரவாக இருந்தால், ‘நீங்கள் சொன்னபடி வருகிறேன்’ என்று நீங்களே ஒரு செய்தி போட்டுவிடுங்கள்.

திரும்பி வர இரவு 11 ஆகிறது. பெண்களுக்குத் தனி விதி உண்டா?

பயிற்சிப் பயணத்துக்கென்று இல்லை. ஆனால் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அரசு அனுமதி தந்தபோது, இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துப்பூர்வ சம்மதமும் போக்குவரத்து வசதியும் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதைச் சுட்டிக்காட்டி, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் வண்டி கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

தம்பி நியூ ஜெர்சியில் மணிக்கணக்குச் சம்பளத்தில் இருக்கிறான். ஒரு நாள் பயிற்சிக்கு பாஸ்டன் போய் வந்தான். பயண நேரத்துக்குச் சம்பளம் இல்லையாம்.

அங்கே சட்டம் தெளிவு. வேறு ஊருக்கு ஒரு நாள் வேலையாக அனுப்பினால் அந்தப் பயணமும் வேலை நேரம் என்கிறது அமெரிக்கக் கூட்டரசின் விதி, எண் 785.37. வாஷிங்டனில் வேலை பார்ப்பவர் நியூயார்க் போய்த் திரும்புவதை அந்த விதியே உதாரணமாகச் சொல்கிறது. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை போகும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். விதி எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஓவர்டைம் சம்பளம் தர வேண்டியதில்லை என்று சட்டம் விலக்கிவைத்த மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் இது உதவாது.

நான் மனிதவள அலுவலர். அறைக்கு பட்ஜெட் இல்லை. குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

தென் மாவட்டக்காரர்களுக்கும் கொங்குப் பக்கத்தவர்களுக்கும் பயிற்சியைத் திருச்சியில் வையுங்கள். நாற்பது பேரைச் சென்னைக்கு இழுப்பதைவிட ஒரு பயிற்சியாளரைத் திருச்சிக்கு அனுப்புவது மலிவு. அதுவும் முடியாவிட்டால் பாதிப் பாடத்தை இணையவழி நடத்துங்கள். எதுவுமே முடியாது என்றால், பயிற்சி முடிந்து இரவு பஸ்ஸில் ஊர் திரும்புபவர்களை மறுநாள் மதியத்துக்கு மேல் வேலைக்கு வரச் சொல்லுங்கள். அதற்கு எந்த பட்ஜெட்டும் வேண்டாம்.