பனியாறு ஏன் ஊதாவாகத் தெரிகிறது?

கேள்வி: வார இறுதிகளில் மலையேறும் பழக்கம் எனக்கு உண்டு. அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் ஸ்கேன் செய்து வெளியிட்ட பழைய டோப்போ (மேடுபள்ளம் காட்டும்) வரைபடங்களில், ரெய்னியர் மலைக்கான ‘மவுண்ட் ரெய்னியர் ஈஸ்ட்’ தாளை எடுத்து, நாங்கள் நடந்த தடத்தை அதன்மேல் வரைய பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். படம் முழுக்க ஊதாவும் நீலமுமாக வருகிறது. சாதாரண போட்டோ வியூவரில் திறந்தால் நிறம் சரியாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
– வாசகி ஒருவர், சியாட்டில்

பதில்: கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பழைய ஸ்கேன்களில் பிக்சலுக்குப் பிக்சல் இருப்பது நிறமல்ல, எண். 0 என்றால் கறுப்பு, 1 வெள்ளை, 2 நீலம், 3 சிவப்பு, 4 பழுப்பு, 5 பச்சை, 6 ஊதா... இப்படி 12 வரை, மொத்தம் 13 நிறங்கள். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற பட்டியல் கோப்புக்குள்ளேயே தனியாக இருக்கும். போட்டோ வியூவர் அதைப் படித்துவிடுகிறது. நீங்கள் வரைபடக் கோப்புகளைப் படிக்கும் ராஸ்டெரியோ என்ற பைதான் நூலகத்தில் முதல் பேண்டை, அதாவது அந்த எண்களின் அடுக்கை, மட்டும் வாசித்து, படம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகத்தின் இம்ஷோ செயற்கூறிடம் கொடுத்திருப்பீர்கள். இம்ஷோவுக்கு அவை வெப்பநிலை, மழையளவு மாதிரி வெறும் அளவுகள். தன் வழக்கமான விரிடிஸ் நிறவரிசையைப் பூசிவிடும். அதில் சின்ன எண்ணுக்குக் கரும் ஊதா, பெரிய எண்ணுக்கு மஞ்சள். வெள்ளையின் எண் 1தான் என்பதால் ரெய்னியர் மலையின் எம்மன்ஸ் பனியாறு முழுவதும் நாவல்பழ நிறத்துக்குப் போய்விட்டது.

சரி செய்வது நாலைந்து வரி வேலை. ராஸ்டெரியோவின் கலர்மேப் செயற்கூறுக்கு 1 என்று கொடுங்கள், அந்தப் பட்டியல் கிடைக்கும். 256 வரிசை, 3 பத்தி கொண்ட நம்பை அணி (எண்களின் அட்டவணை) ஒன்றை எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய சிவப்பு, பச்சை, நீல அளவுகளை அதில் நிரப்புங்கள். அப்புறம் நீங்கள் வாசித்த பேண்டையே அந்த அணிக்குச் சுட்டெண்ணாகக் கொடுங்கள். அசல் நிறங்களோடு படம் வந்துவிடும். அதை இம்ஷோவிடம் கொடுத்தால் அது கை வைக்காது.

13 நிறங்களை வைத்து மேட்பிளாட்லிப்பில் ‘லிஸ்டட் கலர்மேப்’ என்ற சொந்த நிறவரிசை செய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் நீங்கள் சொல்லாவிட்டால், தாளில் இருக்கும் மிகப் பெரிய எண்ணையே இம்ஷோ கடைசி நிறமாக எடுத்துக்கொள்ளும். ஒரு தாளில் 10க்கு மேல் எண் இல்லை என்று வையுங்கள். கறுப்பு, வெள்ளை, நீலம், சிவப்பு நான்கும் சரியாகவே வரும். அதைப் பார்த்து நிம்மதியாக இருப்போம். ஆனால் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் பழுப்புச் சமஉயரக் கோடுகள் பச்சையாகியிருக்கும், பச்சைக் காடு ஊதாவாகியிருக்கும். யுஎஸ்ஜிஎஸ் தாள்களில் ஊதாவுக்குத் தனிப் பொருள் உண்டு: விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துப் பின்னால் சேர்த்த திருத்தம் என்று அர்த்தம். காடு முழுவதும் திருத்தப்பட்டதாக வரைபடம் பொய் சொல்லும்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கல்லூரியில் நிலவியல் படித்தபோது சேலம் பக்கம் களப்பயணம் போனோம். இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட்டை விரித்து, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஆசிரியர் கேட்டார். வளைந்து போன ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினேன். மதிய வெயிலில் அங்கே நடந்து போனால் வெறும் மணல். நம் ஷீட்டில் வற்றாத ஓடைதான் நீலம், வறண்டது கறுப்பு. அன்று முதல் வரைபட நிறத்தை எழுத்தைப் போலவே படிக்கிறேன்.

உங்கள் ரெய்னியர் தாளிலும் இதே கதைதான். தரையின்மேல் ஓடும் சமஉயரக் கோடு பழுப்பு, பனியாற்றின்மேல் ஓடுவது நீலம். படத்தைச் சிறிதாக்கும்போதோ வேறு ஆள்கூற்று முறைக்கு மாற்றும்போதோ ‘பைலீனியர்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் அது பக்கத்துப் பக்கத்து எண்களைச் சராசரி எடுக்கும். வெள்ளை 1, பழுப்பு 4. சராசரி இரண்டரை. முழு எண்ணாக்கும்போது அது 2 ஆனால் நீலம், பாறைச் சரிவு பனியாகத் தெரியும். வெள்ளை 1, பச்சை 5 என்றால் சராசரி 3, சிவப்பு. காட்டின் ஓரமெங்கும் இல்லாத சாலை முளைக்கும். எண்ணாக இருக்கும்வரை, மிக அருகில் உள்ள எண்ணை அப்படியே எடுக்கும் ‘நியரஸ்ட்’ முறை மட்டும்தான். வழவழப்பு வேண்டுமானால் முதலில் நிறமாக மாற்றுங்கள், பிறகு சராசரி எடுங்கள். சேமிக்கும்போது பிஎன்ஜி போதும். ஜேபெக் வேண்டாம், மெல்லிய கோடுகளின் ஓரம் கலங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. இந்தத் தாள்களில் பெரும்பாலானவை ‘நாட் 27’ எனப்படும் 1927ஆம் ஆண்டின் வட அமெரிக்க ஆள்கூற்று அடிப்படையில் வரைந்தவை. உங்கள் ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறோர் அடிப்படையில். வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய நூறு மீட்டர் வித்தியாசம் வரும். தடத்தை வரைவதற்கு முன் கோப்பின் சிஆர்எஸ் (ஆள்கூற்று முறை) என்னவென்று அச்சிட்டுப் பார்த்து, தடத்தை அதற்கு மாற்றுங்கள். ஒற்றையடிப் பாதையில் நடந்த நீங்கள் படத்தில் பனியாற்றின்மேல் நடந்ததாகத் தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.