கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு காதோரம் கறுப்புப் பிறை தெரிவது ஏன்?

"ஆபரேஷன் முடிந்து பார்வை தெளிவாகிவிட்டது. ஆனால் காதுப் பக்க ஓரத்தில் கறுப்பாக ஒரு பிறை நிற்கிறது. லென்ஸைத் தப்பாக வைத்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் இல்லை. லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்த கண்ணிலும் இது வரும். என் அம்மாவுக்கும் வந்தது. "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று டாக்டர் சொன்னதும், தனக்குத்தான் ஏதோ பிரமை என்று அம்மா அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்த நிழல் பிரமை இல்லை. நெகட்டிவ் டிஸ்ஃபோடாப்சியா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. 2000-இலேயே மருத்துவ இதழில் பதிவான விஷயம்.

நம் கண்ணில் இயற்கையாக இருக்கும் லென்ஸ், பெரியவர்களுக்குச் சுமார் 9 மி.மீ. அகலம், 4 மி.மீ.க்கு மேல் தடிமன். கண் பாப்பாவுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நிற்கும். அதை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை லென்ஸில் ஒளியை வளைக்கும் பகுதி பொதுவாக 6 மி.மீ.தான், மெல்லியதும்கூட. அதனால் பாப்பாவுக்கும் லென்ஸுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. காதுப் பக்கமிருந்து மிகச் சாய்வாக வரும் ஒளியில் கொஞ்சம் லென்ஸில் பட்டு வளையும். கொஞ்சம் லென்ஸைத் தொடாமலே ஓரமாகப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே, விழித்திரையின் மூக்குப் பக்க ஓரத்தில், ஒளி விழாத ஒரு பட்டை. அதுதான் உங்கள் பிறை. மூக்குப் பக்கம் ஏன் இல்லை என்றால், அங்கே பார்வை 60 பாகையளவில் மூக்கே மறைத்துவிடும்; காதுப் பக்கமோ 90 பாகையைத் தாண்டியும் விரியும்.

நெற்றிப்பொட்டோரம் கையை வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். பிறை மங்கினால் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் விழித்திரையை ஒருமுறை டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். நிழல் திரைபோல நாளுக்கு நாள் பரவினாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று நிறையப் புள்ளிகள் மிதந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள். அது விழித்திரை பிரிவதாக இருக்கலாம்.

மற்றபடி, பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அம்மாவுக்குப் பட்டையான ஃப்ரேம் போட்ட கண்ணாடி நன்றாக உதவியது. மாதக்கணக்காகியும் தொந்தரவு தீராத சிலருக்கு லென்ஸின் நிலையை மாற்றியமைக்கும் அறுவை இருக்கிறது. அந்த யோசனை இருந்தால், அதற்கு முன் யாக் லேசர் (லென்ஸைத் தாங்கும் உறையின் பின்பக்கம் மங்கினால் அதில் துளையிடும் லேசர்) செய்துகொள்ள அவசரப்படாதீர்கள். உறையில் துளை விழுந்துவிட்டால் லென்ஸை மாற்றுவது சிக்கலாகிவிடும்.