239 பேரைத் தேடுவது வீண் செலவா?

கேள்வி: பாக்கெட்டில் இருக்கும் செல்போன் எங்கே இருக்கிறதென்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்கள். 239 பேரோடு போன மலேசிய விமானம் எம்.எச்.370-ஐப் பத்து வருடத்துக்கு மேலாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? யாரோ மறைக்கிறார்கள். 2025 டிசம்பர் 30 முதல் மறுபடியும் தேடப் போவதாக அறிவித்தார்கள். போனவர்கள் போய்விட்டார்கள். இன்னும் எதற்கு இந்த வீண் செலவு?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்வியின் தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. யாரோ மறைக்கிறார்கள் என்று மனதார நினைப்பவர் ‘இன்னும் ஆழமாகத் தேடுங்கள்’ என்றுதானே கேட்பார்? நீங்கள் ‘விட்டுவிடுங்கள்’ என்கிறீர்கள். ‘போனவர்கள் போய்விட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் செல்போன்.

செல்போன் இருக்குமிடம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் டவர் வேண்டும். குளச்சலிலோ ராமேஸ்வரத்திலோ கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே சிக்னல் போய்விடும் என்பார்கள். விமானத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். தரையிலிருக்கும் ரேடார் சில நூறு கிலோமீட்டர்தான் பார்க்கும். அதிலும் கட்டுப்பாட்டு அறையின் திரையில் இன்ன விமானம், இன்ன உயரம் என்று தெரிவதற்கு, விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி ரேடாருக்குப் பதில் சொல்ல வேண்டும். 2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டி 12:42-க்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பிய அந்த போயிங் 777, 1:19-க்கு ‘குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஜீரோ’ என்று விடைபெற்றது. இரண்டு நிமிடத்தில் டிரான்ஸ்பாண்டர் ஓய்ந்தது. பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத ராணுவ ரேடாரில் விமானம் திரும்பியது பதிவானது. மலாய் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்கு பக்கமாக வளைந்து, மலாக்கா நீரிணை மேல் வடமேற்கே போயிருக்கிறது. 2:22-க்கு அந்தத் தடமும் முடிந்தது.

அதற்குப் பிறகு மிஞ்சிய ஒரே சாட்சி, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்ற இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள். அதற்கு விமானம் எங்கே என்று தெரியாது. மணிக்கொரு தரம் ‘இருக்கிறாயா?’ என்று தரை நிலையம் அதன் வழியாகக் கேட்கும், ‘இருக்கிறேன்’ என்று விமானத்தின் கருவி சொல்லும். அவ்வளவுதான். ஆனால் பதில் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். தூரம் தெரிந்தால் பூமியின் மேல் ஒரு வட்டம் வரையலாம். விமானம் அந்த வட்டத்தில் எங்கேயோ ஒரு புள்ளியில் இருந்திருக்கிறது. வடக்கிலா, தெற்கிலா? அலைவரிசையில் தெரிந்த நுட்பமான மாற்றம்தான் அதைச் சொன்னது. அந்தச் செயற்கைக்கோள் 1996-இல் ஏவப்பட்டது. வயதாகிவிட்டதால் அதன் சுற்றுப்பாதை லேசாகச் சாய்ந்து, ஒரே இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் இருந்ததால்தான் தெற்கு என்று பிரித்தறிய முடிந்தது. இந்த வேலைக்காக அந்தக் கருவியை யாரும் செய்யவில்லை. இடத்தைக் கண்டுபிடிக்க அதன் பதிவுகளை இப்படிப் பிழிந்தெடுத்த பொறியாளர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

காலை 8:19-க்குக் கடைசித் தொடர்பு. மின்சாரம் போய், மறுபடி வந்து, கருவி புதிதாக இணைய முயன்ற சிக்னல் அது. எரிபொருள் தீர்ந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஏழாவது வளைவு என்று தேடுபவர்கள் சொல்வது இந்தத் தொடர்பு காட்டிய வட்டக் கோட்டைத்தான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் நீண்டு கிடக்கும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இத்தனை வருடத் தேடலும் நடந்திருக்கிறது.

மறைக்கிறார்கள் என்றீர்கள். கோபப்பட வேண்டிய இடம் இருக்கிறது, நீங்கள்தான் வேறு பக்கம் பார்க்கிறீர்கள். அந்த இரவின் முதல் சில மணி நேரத்தைப் பாருங்கள். விமானம் வியட்நாம் வான்வெளிக்குள் வரவில்லை என்பதை ஹோ சி மின் கட்டுப்பாட்டு அறை ஐந்து நிமிடத்துக்குள் விசாரித்திருக்க வேண்டும். அவர்கள் கோலாலம்பூரைக் கேட்டது 1:40 வாக்கில். விமான நிறுவனத்தின் அலுவலகமோ, விமானம் கம்போடியா மேல் இருப்பதாகச் சொன்னது. விமானம் இந்நேரம் இங்கே இருக்கும் என்று கணினி கணித்துப் போட்ட புள்ளியை, உண்மையான இடம் என்று நம்பிச் சொன்ன பதில் அது! அதிகாலை 5:30-க்குத்தான் தேடல் மீட்பு மையத்தை முடுக்கினார்கள். ‘தொடர்பை இழந்துவிட்டோம்’ என்று நிறுவனம் உலகத்துக்கு அறிவித்தது 7:24-க்கு. கடைசித் தொடர்பு 8:19 என்று சொன்னேன் அல்லவா? அறிவிப்பு வெளிவந்தபோது விமானம் இன்னும் வானத்தில் இருந்திருக்கிறது. செயற்கைக்கோள் வழியாக 2:39-க்கும் 7:13-க்கும் தரையிலிருந்து இரண்டு அழைப்புகள் போயின. எடுக்க ஆளில்லை. நடுவில் நாலரை மணி நேரம் ஏன் யாரும் மறுபடி கூப்பிடவில்லை? என்னால் அதை இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்கப்புறமும் ஒரு வாரம் தென்சீனக் கடலில் கப்பல்கள் சுற்றின. விமானம் திரும்பியதற்கான ராணுவ ரேடார் பதிவு முதல் நாளிலிருந்தே கையில் இருந்தது. ஆனாலும் மார்ச் 15 அன்று அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக் பேசிய பிறகுதான் அந்தப் பக்கத் தேடலை நிறுத்தினார்கள். கறுப்புப் பெட்டியோடு இருக்கும் ஒலி எழுப்பும் கருவியின் பேட்டரி தண்ணீருக்குள் 30 நாள்தான் உழைக்கும். அந்த 30 நாளில் ஒரு வாரத்தைத் தவறான கடலில் தொலைத்தார்கள். விமானத் தகவல் பதிவுப்பெட்டியின் அந்த பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதியாகிவிட்டது என்பது ஒரு வருடம் கழித்து வெளியான விசாரணை அறிக்கையில் தெரிந்தது. சதி இல்லை நண்பரே, அலட்சியம். சதி என்று சொல்லிவிட்டால் இந்த அலட்சியத்துக்குப் பொறுப்பானவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் டியேகோ கார்சியா தீவில் இறக்கிவிட்டார்கள், எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் செய்தி அனுப்புகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். 2015 ஜூலை 29 அன்று இந்தியப் பெருங்கடலின் மேற்கே இருக்கும் ரியூனியன் தீவின் கரையில், கடல் உயிரிகள் ஒட்டிய ஒரு துண்டு ஒதுங்கியது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பரான் என்ற பாகம் அது. பிறகு தான்சானியாவில் ஒன்று, மொரீஷியஸில் ஒன்று. மூன்றும் அந்த விமானத்தினுடையவைதான் என்று உறுதியானது. விமானம் கடலில் உடைந்திருக்கிறது. யார் செய்தது, என்ன நடந்தது என்பது வேறு விஷயம். விமானத்தைத் திருப்பியது தானியங்கியின் வேலை இல்லை, கையால் திருப்பியிருக்கிறார்கள், மூன்றாவது ஆளின் தலையீட்டையும் ஒதுக்கிவிட முடியாது என்பதோடு 2018 ஜூலையில் வந்த மலேசிய அறிக்கை நின்றுவிட்டது. அதைத் தாண்டி, பதில் சொல்ல வர முடியாத ஒருவரை இந்தப் பக்கத்தில் குற்றவாளியாக்க நான் தயாரில்லை.

இப்போது ‘போனவர்கள் போய்விட்டார்கள்’.

அந்த விமானத்தில் ஐந்து இந்தியர்கள் இருந்தார்கள். மார்ச் 24 அன்று, விமானம் கடலில் முடிந்துவிட்டது, யாரும் பிழைக்கவில்லை என்ற செய்தி குடும்பங்களில் பலருக்கு எஸ்.எம்.எஸ்ஸாகப் போனது. உடல் இல்லை, இடம் இல்லை, காரணமும் இல்லை. திதி கொடுக்க வேண்டும் என்றால் எந்த நாளில், எந்த நேரத்தைக் கணக்கு வைத்துக் கொடுப்பது? போய்விட்டார்கள் என்று முடிவு செய்யும் உரிமை அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே உண்டு. அவர்கள் ‘வாய்ஸ் 370’ என்று அமைப்பு வைத்து, இத்தனை வருடமாக ‘தேடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கும்பகோணத்தில் இருக்கும் நீங்களும் சென்னையில் இருக்கும் நானும் ‘போதும்’ என்று சொல்ல யார்?

நம் வாசலிலேயே இப்படி ஒன்று நடந்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்கக் கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின, ஒரு துண்டும் கிடைக்கவில்லை. நாடு மறந்தும்விட்டது. ஏழரை வருடம் கழித்து, பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். ‘கிடைத்து என்ன பிரயோஜனம்’ என்று அந்த 29 வீடுகளில் ஒரு வீட்டு வாசலில் நின்று உங்களால் கேட்க முடியுமா?

பிரயோஜனம் பற்றியே பேசுவோம். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இல் 228 பேர். கடைசியாக எங்கே இருந்தது என்று தெரியும், சில நாட்களிலேயே மிதந்த பாகங்களும் உடல்களும் கிடைத்தன. அப்படியிருந்தும் கடலடியில் விமானத்தைக் கண்டுபிடிக்க 2011 ஏப்ரல் ஆனது. ஆழம் சுமார் 3,900 மீட்டர். பெட்டிகளை மேலே எடுத்த பிறகுதான் தெரிந்தது: வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, தானியங்கி விலகி, விமானிகள் மூக்கை மேலே தூக்கியே வைத்திருக்க, விமானம் தாங்கும் விசையை இழந்து நாலரை நிமிடத்துக்குள் கடலில் விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் உலகம் முழுக்க விமானிகளின் பயிற்சியை மாற்றினார்கள். அந்தத் தேடலை வீண் செலவென்று நிறுத்தியிருந்தால், புயலில் போய்விட்டது என்று நாமே ஒரு கதை சொல்லி முடித்திருப்போம். அடுத்த விமானியும் அதே தவற்றைச் செய்திருப்பார்.

எம்.எச்.370 கிடைத்தாலும் எல்லாம் தெரிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். விமானி அறையின் குரல் பதிவு கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும், திரும்பிய நேரத்துப் பேச்சு அழிந்திருக்கும். ஆனால் தகவல் பதிவில் 25 மணி நேரம் இருக்கும். எந்த ஸ்விட்ச் எப்போது அணைந்தது, காற்றழுத்தம் என்ன ஆனது, கடைசியில் யாராவது ஓட்டினார்களா என்று அதில் பார்க்கலாம், பெட்டி பிழைத்திருந்தால்.

செலவு? 2014-லிருந்து 2017 ஜனவரி வரை ஆஸ்திரேலியா, மலேசியா, சீனா மூன்றும் சேர்ந்து 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியை அலசின. தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000-தான். நாலு கிலோமீட்டர், சில இடங்களில் இன்னும் ஆழம். வரைபடமே இல்லாத தரை என்பதால் முதலில் வரைபடம் போட்டார்கள், பிறகு தேடினார்கள். துறைமுகத்திலிருந்து அந்த இடத்துக்குப் போகவே கப்பலுக்கு ஆறு நாள் வரை ஆனது. ஏறத்தாழ 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஆனது உண்மை. ஆனால் முடிக்கும் முன், 2016 டிசம்பரில் நிபுணர்கள், வடக்கே ஒட்டியிருக்கும் 25,000 சதுர கிலோமீட்டரில் தேடுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். மூன்று அரசுகளும் கேட்கவில்லை, அடுத்த மாதமே நிறுத்திவிட்டன. என்னைக் கேட்டால் இந்தத் தேடலின் பெரிய தவறு அதுதான்.

2018-இல் கடலடியில் தேடும் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற தனியார் நிறுவனம் வந்து 1,12,000 சதுர கிலோமீட்டரைச் சில மாதங்களில் பார்த்தது. கிடைக்கவில்லை, அதனால் காசும் வாங்கவில்லை. ஒப்பந்தமே அப்படித்தான். 2025 மார்ச்சில் மலேசியா போட்ட புதிய ஒப்பந்தமும் அதேதான்: 15,000 சதுர கிலோமீட்டர் புதிய இடம், கண்டுபிடித்தால் 7 கோடி அமெரிக்க டாலர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஏப்ரலில் கடல் கொந்தளிப்புக் காலம் வந்ததால் நிறுத்திய அந்த வேலையைத்தான் 2025 டிசம்பர் 30 முதல் 55 நாள் தொடரப் போவதாக அறிவித்தார்கள்.

ஆக, நீங்கள் கவலைப்படும் செலவு இந்த முறை யார் வரிப் பணத்திலிருந்தும் முன்கூட்டிப் போகவில்லை. என் கவலை வேறு. தேடிக் கிடைக்காவிட்டால், 2017-இல் செய்த மாதிரியே எல்லோரும் கையை உதறிவிடுவார்களோ என்பதுதான்.