எதேச்சையாக எதுவும் நடப்பதில்லை
வாசகர் கேள்வி – பதில்

(கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.)

ஆபாசப் படங்களில்கூட முன்பு கதை, செட், வசனம் எல்லாம் இருந்ததாம். இப்போது வழியில் பார்த்த யாரிடமோ பேச்சுக் கொடுத்துப் போனில் எடுத்ததுபோல வருகிறதே, ஏன்? – கும்பகோணம்

முதல் காரணம் செலவு. 1970-களில் அமெரிக்காவில் இவற்றைப் பிலிமில்தான் எடுத்தார்கள். 35 எம்.எம். பிலிமில் 1,000 அடிச் சுருள் சுமார் 11 நிமிடம்தான் ஓடும். லேப் செலவு தனி. ஒளிக்கு, ஒலிக்கு, மேக்கப்புக்கு என்று ஒரு குழுவே வேண்டும். வீடியோ டேப் வந்ததும் அந்தக் குழு சுருங்கியது. 1989 வாக்கில் ஜான் ஸ்டாக்லியானோ என்பவர் கேமராவைத் தானே பிடித்துக்கொண்டு, எடுப்பவரின் குரலும் படத்தில் கேட்கும்படி எடுக்கத் தொடங்கினார். தொழிலில் அதற்கு ‘கான்ஸோ’ என்று பெயர். 1995-ல் சோனி வி.எக்ஸ். 1000 கேமரா வந்தது. உள்ளங்கையில் அடங்கும் டேப்பில் ஒரு மணி நேரம் பதிவாகும். ஒரே ஒயரில் கம்ப்யூட்டருக்கு ஏற்றி வெட்டி ஒட்டிவிடலாம். ஓர் ஆளே எடுத்து முடிக்க முடியும் என்றாகிவிட்டது.

இதற்குச் சட்டமும் இடம் கொடுத்தது. நடிப்பதற்கு ஆளமர்த்திச் சம்பளம் தருவது விபசாரத்துக்கு ஆள்பிடித்தல் ஆகாது என்று 1988-ல் ஃப்ரீமன் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்த்தது. லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் தொழில் வெளிப்படையாக வேரூன்றியது அதற்குப் பிறகுதான். 2006, 2007-ல் இலவச வீடியோ தளங்கள் வந்து டிவிடி விற்பனையைச் சாய்த்தன. கதைப்படத்துக்குப் போட்ட முதல் திரும்பவில்லை. தலைப்பைப் பார்த்ததும் சொடுக்க வைக்கும் துண்டுப் படம்தான் விலைபோனது. ‘நிஜமாக நடந்தது’ என்பதைவிட மலிவான விளம்பரம் கிடையாது. 2016-ல் ஒன்லிஃபேன்ஸ் என்ற சந்தாத் தளம் வந்தபின் நடிப்பவர்களே போனில் எடுத்துச் சந்தாவுக்கு விற்கிறார்கள். கை நடுக்கம், மங்கிய வெளிச்சம் எல்லாம் இப்போது வேண்டுமென்றே வைக்கப்படுகின்றன.

“பாதிப் பேருக்குத் தங்களைப் படமெடுப்பதே தெரியாது, அத்தனையும் நிஜம்” என்று என் கணவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? – மன்னார்குடி

முறையான நிறுவனம் எடுத்ததென்றால் உண்மையாக இருக்க வழியே இல்லை. அமெரிக்க மத்தியச் சட்டத்தின் 2257-ஆம் பிரிவுப்படி, படப்பிடிப்புக்கு முன்பே நடிப்பவரின் அரசு அடையாள அட்டையைப் பார்த்து வயதை உறுதிசெய்ய வேண்டும். இயற்பெயர், பிறந்த தேதி, முன்பு பயன்படுத்திய புனைபெயர்கள் அத்தனையும் பதிவேட்டில் இருக்க வேண்டும். கூடவே பால்வினை நோய்ப் பரிசோதனை. அங்குள்ள தொழில்முறைப் படப்பிடிப்புகளில் 14 நாளுக்குள் எடுத்த முடிவு கேட்பதே வழக்கம். ரத்தமும் சிறுநீரும் கொடுத்து முடிவு வர ஒரு நாளாவது ஆகும். பஸ் ஸ்டாப்பில் சந்தித்துப் பத்து நிமிடத்தில் சம்மதித்தார் என்ற கதை அங்கேயே உடைந்துவிடுகிறது.

படத்துக்குள்ளும் தடயம் இருக்கும். ஒரே கேமரா என்பார்கள். ஒரே பேச்சு இரண்டு கோணத்தில் வெட்டப்பட்டிருக்கும். ஓடும் வண்டிக்குள் குரல் மட்டும் துல்லியமாகக் கேட்டால் சட்டைக்குள் மைக் இருக்கிறது. கண்மணியில் சதுரமான ஒளிப்புள்ளி தெரிந்தால் அது படப்பிடிப்புக்கு வைத்த எல்.இ.டி. விளக்குப் பலகை. ‘முன்பின் தெரியாத பெண்’ வேறொரு தளத்தில் வேறு பெயரில் இருப்பார்.

ஆனால் உங்கள் கேள்வியில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தெரியாமல் எடுத்ததுபோல நடித்த படங்கள் குவியக் குவிய, உண்மையிலேயே தெரியாமல் எடுத்தவையும் அவற்றோடு கலந்து கிடக்கின்றன. பார்ப்பவர் ‘எல்லாம் நடிப்புதானே’ என்று கடந்துபோகிறார். அங்கே பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் புகார் அமுங்கிப் போகிறது.

மாடலிங் என்று இன்ஸ்டாகிராமில் என் தங்கைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சென்னையில் ஹோட்டலில் ஷூட், ஒரு நாளைக்குப் பெருந்தொகை, வெளிநாட்டுக்கு மட்டும் போகும் என்கிறார்கள். அனுப்பலாமா? – தஞ்சாவூர்

அனுப்ப வேண்டாம். ‘சாதாரணப் பெண்களின் முதல் அனுபவம்’ என்று வீடியோ விற்ற அமெரிக்காவின் சான் டியாகோ கும்பல் செய்ததும் இதேதான். மாடலிங் விளம்பரம் கொடுத்தார்கள். இணையத்தில் வராது, வெளிநாட்டு டிவிடிக்கு மட்டும் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஹோட்டல் அறையில் வைத்து, படிக்க நேரம் தராமல் கையெழுத்து வாங்கினார்கள். வீடியோ இணையத்தில்தான் வந்தது. சொந்த ஊர்க்காரர்கள் கண்ணிலும் பட்டது. 22 பெண்கள் வழக்குப் போட்டு, 2020 ஜனவரியில் கிட்டத்தட்ட 1.3 கோடி டாலர் இழப்பீடும் அந்த வீடியோக்களின் உரிமையும் பெற்றார்கள். நடத்தியவர் ஸ்பெயினில் பிடிபட்டு, 2025-ல் 27 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

வேறு எந்த அழைப்பு வந்தாலும் கேட்க வேண்டியவை இவை: நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண், அலுவலக முகவரி, ஒப்பந்தத்தின் நகல். நகலை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வக்கீலிடம் காட்ட இரண்டு நாள் தரமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ‘சாம்பிள்’ என்று உள்ளாடைப் படம் கேட்பவர் பெரும்பாலும் அதை வைத்தே மிரட்டுவார். ஆதார் நகலையும் அனுப்ப வேண்டாம்.

வேளாங்கண்ணி, நவக்கிரகக் கோயில்கள் என்று போகிறோம், லாட்ஜில் தங்குகிறோம். ரகசியக் கேமரா இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? – திருத்துறைப்பூண்டி

கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, சுவரை மெதுவாகத் துழாவுங்கள். லென்ஸ் இருந்தால் ஊசிமுனை அளவில் மினுக்கும். கட்டிலையோ குளியலறையையோ நோக்கி இருக்கும் புகை அலாரம், சார்ஜர், கடிகாரம், செட்டாப் பாக்ஸ், ஏசி இடுக்கு, ஹீட்டர் பக்கம் இவற்றை முதலில் பாருங்கள். வைஃபையில் தேடும் ஆப்பை மட்டும் நம்ப முடியாது; மெமரி கார்டில் பதியும் கேமரா அதில் தெரியாது. மறுபக்கத்திலிருந்து பார்க்கக்கூடிய கண்ணாடியா என்று விரல் வைத்துப் பார்க்கும் சோதனையும் உறுதியானதல்ல.

கண்டுபிடித்தால் கழற்ற வேண்டாம். கைரேகையும் கார்டும்தான் சாட்சி. இருக்கும் இடத்தோடு போட்டோ எடுத்து, அறை ரசீதை வைத்துக்கொண்டு, மேனேஜரிடம் சொல்வதற்கு முன் 112-ஐ அழையுங்கள்.

என் தோழியின் அந்தரங்க வீடியோவை அவளோடு பழகியவரே தளத்தில் போட்டுவிட்டார். எடுக்கும்போது இவளும் சம்மதித்தாள் என்பதால் புகார் கொடுக்கப் பயப்படுகிறாள். – மயிலாடுதுறை

பயப்பட வேண்டியதில்லை. எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. முதல் முறைக்கு 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகளும் சேரும்.

இன்றே செய்ய வேண்டியது: தளத்தின் முழு முகவரி, போட்டவரின் கணக்கு, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்க வேண்டாம். ‘பாரு’ என்று வீடியோவை வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், உங்களுக்கும்கூட. பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில், பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் புகார் பதியலாம். பெயர் சொல்லாமலும் பதியலாம். எந்த ஸ்டேஷனிலும் எல்லை பார்க்காமல் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். மிரட்டலுக்குப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் கேட்டால் தளம் 2 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும்; 2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் இது 24 மணி நேரமாக இருந்தது. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற சேவையில் வீடியோ போனைவிட்டு வெளியே போகாது. வீடியோவிலிருந்து கணக்கிட்ட எண் அடையாளம் மட்டும் போய், சேர்ந்துள்ள தளங்களில் மறுபடி ஏறாமல் தடுக்க உதவும். தோழிக்கு 18 வயது ஆகியிருந்தால் மட்டுமே அது பொருந்தும்.

நடிப்புப் படம்தானே, நண்பர்கள் குரூப்பில் அனுப்பினால் என்ன? – திருவாரூர்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு அனுப்புவதையே குற்றமாக்குகிறது. நடிப்பா நிஜமா என்று அது பார்ப்பதில்லை. முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். படத்தில் இருப்பவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், அனுப்பாமல் பார்ப்பதும் வைத்திருப்பதுமே வழக்காகும். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.